முன்னறைக்குக் குளிர் ஏன் வந்து சேரவில்லை

பினாங்குத் தீவின் பாலிக் புலாவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். குடும்பத் துரியான் தோட்டத்தில், பழக்காலத்தில் வந்து தங்குகிறவர்களுக்காக, 27 அடி நீளமுள்ள பழைய அமெரிக்க டிரெய்லர் (காரில் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) ஒன்றை வாங்கி நிறுத்தியிருக்கிறார்கள். கூரைமேல் 13,500 பிடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏர்கோன். உள்கூரைக்குள் முன்னும் பின்னுமாக டக்ட், அதாவது காற்று போகும் குழாய்வழி, ஓடுகிறது, ஏழு இடங்களில் காற்று வரும் வாய்கள். நடுவில் இருக்கும் அடுப்படியில் நல்ல குளிர். முன்பக்கப் படுக்கையறையில் கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் காற்று வருவதே தெரிகிறது. நடுராத்திரி தாண்டினால் அதுவும் நின்றுவிடுகிறது, அப்புறம் மிஷினுக்கு நேர் கீழே உள்கூரையில் இருக்கும் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பார்க்க வந்தவர்களில் ஒருவர் கேஸ் குறைந்துவிட்டது, ஏற்ற வேண்டும் என்றாராம். இன்னொருவர் மிஷினையே 15,000 பிடியூவுக்கு மாற்றச் சொன்னாராம். எதைச் செய்வது என்பது கேள்வி.

இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள், தங்கச்சி. பட்டர்வொர்த்தில் இருபது வருடத்துக்கு மேலாக ஏர்கோன் வேலை பார்க்கிறேன். கொஞ்ச வருடமாகக் கேம்பர் வேன், டிரெய்லர் வேலைகளும் வருகின்றன. நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் மிஷின் குளிரை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் குளிர் படுக்கையறைக்குப் போகாமல் வேறெங்கோ போகிறது. எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் கேஸ் விஷயம். வீட்டு ஸ்பிலிட் ஏர்கோனில் உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, நடுவில் செம்புக் குழாய், அதை முடுக்குகிற நட்டு. கேஸ் கசிந்தால் பெரும்பாலும் அந்த நட்டுப் பக்கம்தான் கசியும். கூரை மிஷின் அப்படியில்லை. எல்லாம் ஒரே பெட்டிக்குள், தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடப்பட்டது. கேஸ் ஏற்றுவதற்கான வால்வே பெரும்பாலானவற்றில் இருக்காது. ஏற்றியே ஆக வேண்டும் என்றால் குழாயைத் துளைத்து ஒரு வால்வை மாட்ட வேண்டும். அதுவரை கசியாத குழாய், பிறகு அந்த இடத்திலேயே கசியத் தொடங்கலாம். உங்களுக்கு அடுப்படியில் நல்ல குளிர் வருகிறது என்கிறீர்கள். கேஸ் குறைந்த மிஷினில் எந்த வாயிலுமே நல்ல குளிர் வராது. ஆகவே குழாயைத் துளைக்க யாரையும் விடாதீர்கள்.

பெரிய மிஷின் மாற்றுவதும் இதற்குத் தீர்வு ஆகாது. டக்ட் அதே டக்ட், பெட்டி அதே பெட்டி. ஏர்கோன் தொழிலில் பொதுக்கணக்கு ஒன்று உண்டு: 12,000 பிடியூவுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 முதல் 11 கன மீட்டர் காற்று காயில், அதாவது மிஷினுக்குள் குளிர்கிற குழாய்ச்சுருள், வழியே ஓட வேண்டும். அவ்வளவு காற்று ஓடவில்லை என்றால் காயிலின் குளிரை எடுத்துச் செல்ல ஆளில்லை. காயில் மேலும் மேலும் குளிர்ந்து, பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, அதன்மேல் படிகிற ஈரம் பனிக்கட்டி ஆகிவிடும். கட்டி பிடித்தால் காற்று நுழைய இடமிருக்காது. உங்களுக்கு நடுராத்திரியில் காற்று நிற்பதும், பிறகு கட்டி உருகித் தண்ணீர் சொட்டுவதும் இதனால்தான். பகலில் ஏன் வருவதில்லை? பகலில் உள்ளே வெப்பம் அதிகம், காயில் அவ்வளவு குளிர்வதில்லை. ராத்திரி வெளியே 25 பாகைக்கு இறங்கும்போது கம்ப்ரசருக்குச் சுமை குறைகிறது, காயில் இன்னும் குளிர்கிறது, காற்றோ பகலில் போன அதே குறைந்த காற்று. இந்த நிலையில் 15,000 மிஷினை வைத்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கே கட்டி பிடிக்கும்.

சரி, காற்று எங்கே தொலைகிறது?

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். மிஷினை அரைமணி நேரம் ஓடவிட்டு, அறையின் நடுவில், தலை உயரத்தில் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நடுப்பெட்டியின் கிரில்லுக்குள், மிஷின் காற்றை உள்ளிழுக்கிற பக்கத்தில், ஃபில்டருக்கு மேலே தெர்மாமீட்டரின் முனையை நுழைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அறையில் 27 பாகை, கிரில்லுக்குள் 21 என்று காட்டினால், மிஷின் தான் வெளியே தள்ளிய குளிர்காற்றைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த மாதிரி டிரெய்லர்களில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான்.

அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பிளாஸ்டிக் மூடியை இறக்கினால் கூரையில் சதுரமாக ஓர் ஓட்டை தெரியும், பக்கத்துக்கு 14¼ அங்குலம். அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பாலும் இதே அளவுதான். அந்த ஒரே சதுரத்துக்குள்தான் இரண்டு வேலையும் நடக்கிறது. ஒரு பாதி வழியாக அறைக்காற்று மேலே போய்க் காயிலைத் தொடுகிறது. மறுபாதி வழியாகப் புளோவர் என்கிற விசிறி குளிர்காற்றைக் கீழே தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கும், பெரும்பாலும் ஒரு மெல்லிய தகடு, இல்லையென்றால் ஒரு ஃபோம் துண்டு.

போன வருடம் தெலுக் பஹாங்கில் ஒரு டிரெய்லரைத் திறந்தேன். தடுப்புத் தகட்டின் மேல் விளிம்புக்கும் மிஷினின் அடிப்பாகத்துக்கும் நடுவே என் சுண்டுவிரல் முழுதாக நுழைந்தது. ஒட்டியிருந்த டேப் ஒரு பக்கம் விட்டுப்போய், புளோவர் ஓடும்போதெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. டேப்பின் பசை பழுப்பு நிறத்தில் காய்ந்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. தள்ளுகிற பக்கம் அழுத்தம், இழுக்கிற பக்கம் உறிஞ்சல், நடுவில் ஒரு விரல் அகல வழி. காற்று எங்கே போகும்? பத்தடி தள்ளியிருக்கிற படுக்கையறைக்கா, அடுத்த பக்கத்துக்கா? அந்த வீட்டில் படுக்கையறை வாயில் 23 பாகைக் காற்று வந்துகொண்டிருந்தது. தடுப்பைச் சரிசெய்து முடித்த அன்று சாயங்காலம் அதே வாயில் 17. மிஷினில் வேறு எதையும் மாற்றவில்லை.

உங்கள் பெட்டியிலும் இந்தத் தடுப்பைத்தான் முதலில் பாருங்கள். பழைய டேப்பை முழுதாக உரித்தெடுங்கள். இரண்டு பக்கமும் அலுமினியத் தாள் ஒட்டிய கெட்டி ஃபோம் பலகை கிடைக்கும், 12 முதல் 25 மில்லிமீட்டர் தடிமன் போதும். அதைக் கூர்மையான கட்டரால் ஒரு மயிரிழை பெரிதாகவே வெட்டி, இறுக்கமாக நுழைத்து, நாலு பக்கமும் அலுமினியம் டேப்பால் ஒட்டுங்கள். துணிபோல் இருக்கும் சாம்பல் நிற டேப் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது நிற்காது. ஒட்டுவதற்கு முன் இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். ஒட்டியபின் ஒரு கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். தேய்க்காமல் விட்ட டேப் ஆறு மாதத்தில் கழன்று வரும்.

அதே பெட்டிக்குள் இன்னொரு கோளாறும் இருக்கும். புளோவர் காற்றை நேராகக் கீழே தள்ளுகிறது, டக்டோ பக்கவாட்டில் இருக்கிறது. காற்று கீழே உள்ள மூடியில் மோதி, சுழன்று, வேகத்தை இழந்து, பிறகுதான் டக்டுக்குள் போகிறது. எந்தப் பக்கம் வழி சுலபமோ அந்தப் பக்கம் அதிகம் போய்விடும், எதிர்ப்பக்கம் பட்டினி கிடக்கும். உங்கள் முன்னறை அந்த எதிர்ப்பக்கத்தில் இருக்கலாம். மிச்சமிருக்கும் ஃபோம் பலகையில் சாய்வான துண்டுகள் வெட்டி, புளோவர் வாய்க்குக் கீழே முன்னும் பின்னும் சரிகிற மாதிரி, வீட்டுக் கூரை வடிவத்தில், முகடு மேலே இருக்கும்படி ஒட்டுங்கள். கீழே இறங்கும் காற்றை அந்த முகடு இரண்டாகப் பிரித்து இரு டக்டுக்கும் வழுக்கிவிடும். முகட்டைப் பின்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினால் முன்னறைக்குப் பங்கு கூடும். நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன் இரண்டு மூன்று இடத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் மூடியை மாட்டி ஓட்டிப் பாருங்கள். இதில் அவசரப்படக் கூடாது. நான் ஒரு வேலையில் இதற்கு மட்டும் அரைநாள் செலவழித்திருக்கிறேன்.

மூடியில் நேராகக் கீழே காற்று விடுகிற சிறிய கதவுகள் இருந்தால் அவற்றை இறுக மூடுங்கள். அடுப்படி மட்டும் குளிர்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

அடுத்தது டக்ட் தொடங்குகிற இடம். கூரை ஓட்டையின் சுவரில் டக்டின் வாய் வெட்டப்பட்டிருக்கும். அந்த வெட்டின் ஓரங்களில் மரச்சட்டமும் ஃபோமும் மூடாமல் வெறுமையாகத் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால், குளிர்காற்று டக்டுக்குள் போவதோடு கூரையின் பொந்துக்குள்ளும் போகிறது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 30 பாகை வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதையும் தொட்டால் தண்ணீராகிவிடும். பாலிக் புலாவில் அந்த மாதிரிக் காற்று வருடம் முழுக்க இருக்கிறது. கூரைப்பொந்துக்குள் 15 பாகைக் காற்று கசிந்தால் அங்கிருக்கும் மரமும் தகடும் குளிர்ந்து, வெளிக்காற்று நுழைகிற இடத்திலெல்லாம் வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாமல் மரம் ஊறும், பூஞ்சை பிடிக்கும், அப்புறம் எறும்பு வரும். உள்கூரையில் பழுப்பு வட்டங்கள் தெரிந்து, மழையில் ஒழுகுகிறது என்று கூரைக்கு சிலிகான் பூசியவர்களைப் பார்த்திருக்கிறேன். மழைத்தண்ணீர் அல்ல அது. வெட்டு ஓரங்களை நாலு பக்கமும் அலுமினியம் டேப்பால் மூடுங்கள், சட்டத்தின் ஓர் அங்குலம்கூட வெறுமையாகத் தெரியக் கூடாது.

ஏழு வாய்களிலும் இதே வேலை இருக்கிறது. பிளாஸ்டிக் வாயைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். உள்கூரைப் பலகையில் போட்ட ஓட்டையும் டக்டில் போட்ட ஓட்டையும் ஒன்றோடொன்று பொருந்தாமல், நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். கையைச் சுற்றிலும் நுழைத்து அந்த இடைவெளியை ஒட்டுங்கள். கடைசி வாயைத் தாண்டியும் டக்ட் நீண்டு போகும், டிரெய்லரின் மூக்கு வரைகூடப் போயிருக்கும். அந்த முனை சரியாக மூடப்படாமல் இருந்தால் உங்கள் முன்னறைக் காற்று சுவருக்குள் கொட்டுகிறது. கடைசி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு ஃபோம் துண்டைச் செருகி ஒட்டிவிட்டால் தீர்ந்தது.

கசிவு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். எல்லாவற்றையும் மூடியபின் மிஷினின் காற்றை மட்டும் ஓடவிட்டு, கம்ப்ரசர் இல்லாமல், ஜன்னல்களை அடைத்து, பத்தியை மூடியின் விளிம்பு ஓரமாகவும் ஒவ்வொரு வாயின் ஓரமாகவும் மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக ஏறினால் சரி. ஓரத்தில் உள்ளே இழுபட்டாலோ பக்கத்தில் சிதறினாலோ அங்கே டேப் வேண்டும். தாள், திரைச்சீலை எல்லாம் தள்ளி இருக்கட்டும்.

இப்போது படுக்கையறைக் கதவு. அறைக்குள் காற்று வர வேண்டுமென்றால், உள்ளே இருக்கிற காற்று வெளியே போக வேண்டும். டிரெய்லரில் காற்றை இழுக்கிற இடம் நடுவில் ஒன்றே ஒன்றுதான். விருந்தினர் கதவைச் சாத்திப் படுத்தால் அறை ஊதிய பலூன் மாதிரி ஆகிவிடுகிறது, புதிய காற்று நுழையாது. கதவின் அடியில் 2.5 சென்டிமீட்டர் வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் கதவின் கீழ்ப்பாதியில் ஒரு கிரில் போடுங்கள். சோதிப்பது சுலபம்: கதவைத் திறந்து வைத்து வாயில் கைவைத்துப் பாருங்கள், பிறகு சாத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் வெட்ட வேண்டியதுதான்.

முன்னறைக்குக் காற்று வரட்டும் என்று மற்ற வாய்களை எல்லாம் மூடிவிடாதீர்கள். ஒன்றிரண்டைப் பாதி மூடலாம். நாலைந்தை மூடினால் புளோவர் தள்ளுகிற மொத்தக் காற்றே குறையும், காயிலில் மறுபடியும் கட்டி பிடிக்கும்.

ஃபில்டர், காயில் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். தோட்டத்து மண்சாலைப் பக்கம் நிற்கிற டிரெய்லர் என்பதால் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவுங்கள். தூசுக்கு நல்லது என்று தடியான ஃபில்டர் வாங்கிப் போடாதீர்கள், அந்தச் சின்ன புளோவரால் அதன் வழியே இழுக்க முடியாது. எல்லோரும் மறப்பது புளோவர் சக்கரத்தை. அதன் ஒவ்வொரு இதழும் குழிவாக இருக்கும், அந்தக் குழிவில்தான் காற்று ஏறி உட்காருகிறது. குழிவு தூசியால் நிரம்பிவிட்டால் சக்கரம் சுற்றும், சத்தம் வரும், காற்று வராது. கெமிக்கல் வாஷ் செய்ய வருபவரிடம் காயிலோடு புளோவரையும் கழுவச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒரு விஷயம். அமெரிக்க மிஷின் என்றால் அது 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கரண்டுக்குச் செய்தது. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும்தான் இறக்கும், ஹெர்ட்ஸை, அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, மாற்றாது. அந்தக் காலத்து மிஷின்களில் இருக்கும் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60-க்குச் செய்த மோட்டார் 50-இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். சக்கரம் ஆறில் ஒரு பங்கு மெதுவானால் காற்றும் அதே அளவு குறையும். டேப் ஒட்டியோ கழுவியோ அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதோடு மோட்டார், கம்ப்ரசர் இரண்டும் வழக்கத்தைவிடச் சூடாகும்.

இதைத் தெரிந்துகொண்டால் மற்றவற்றின் அவசியம் புரியும். உங்கள் மிஷின் ஏற்கெனவே ஆறில் ஒரு பங்கு காற்றை இழந்துதான் தொடங்குகிறது. மிச்சமிருப்பதில் ஒரு துளிகூடக் கசியவிட முடியாது. ராத்திரி சத்தம் குறையட்டும் என்று காற்றை லோவில் வைக்காதீர்கள். உங்கள் மிஷினுக்கு லோ என்பது கட்டி பிடிக்க வைப்பது. ஹையிலேயே விட்டு, தெர்மோஸ்டாட்டை 24 அல்லது 25-இல் வையுங்கள். நம்மவர்களுக்கு 16-இல் வைத்தால்தான் சீக்கிரம் குளிரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மிஷின் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும், 16 என்பது நிறுத்தாதே என்கிற உத்தரவு மட்டுமே. நிறுத்தாமல் ஓடினால் கட்டி உருக நேரமே கிடைக்காது. காற்று மட்டும் நிற்காமல் சுற்றுகிற வசதி இருந்தால் அதையும் இரவில் தவிருங்கள், கம்ப்ரசர் நின்றதும் காயிலில் தங்கிய ஈரத்தை அது மறுபடியும் அறைக்குள் ஊதிவிடும். கட்டி பிடித்துவிட்ட ராத்திரியில் மட்டும் கம்ப்ரசரை அணைத்துக் காற்றை ஓடவிட்டு ஒரு மணி நேரமாவது உருகவிடுங்கள். கத்தியால் கிண்டாதீர்கள், காயிலின் இதழ்களும் குழாயும் பிஞ்சு மாதிரி.

வீட்டிலிருந்து டிரெய்லருக்கு ஒயர் எவ்வளவு தூரம் இழுத்திருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. தோட்டம் என்றால் 50 மீட்டராவது இருக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால், போகவர 100 மீட்டருக்கு 1.2 ஓம் தடை. மிஷின் ஓடும்போது 230 வோல்ட் பக்கம் 7 ஆம்பியர் அளவில் எடுக்கும், 8 வோல்ட் போகும், அது பரவாயில்லை. கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் 30 ஆம்பியர் எடுத்தால் 36 வோல்ட் போய்விடும். கம்ப்ரசர் முனகிவிட்டு நிற்பது, விளக்கு மங்குவது எல்லாம் அதனால்தான். 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் அந்த இழப்பு 14 வோல்ட்டுக்கு இறங்கும். லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துப் போடுங்கள், எர்த்தும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கிற பிரேக்கரும் கட்டாயம். தகர உடம்பு, ஈரமண், வெறுங்காலோடு நடமாடும் விருந்தினர் குழந்தைகள். காசு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உச்சிப் பொழுதில் ஒரு சதுர மீட்டர்மேல் விழுகிற வெயில் ஏறக்குறைய 1,000 வாட். உங்கள் கூரை 18 சதுர மீட்டருக்குக் குறையாது. 13,500 பிடியூ மிஷின் நன்றாக ஓடினாலே நீக்கக்கூடிய வெப்பம் 4,000 வாட் அளவுதான். விழுகிறதில் கொஞ்சம்தான் உள்ளே இறங்குகிறது என்றாலும், அது இறங்குகிற வழியில்தான் உங்கள் டக்ட் படுத்திருக்கிறது, கூரைத் தகட்டுக்கு இரண்டங்குலம் கீழே. பெட்டியில் 15 பாகையாகக் கிளம்புகிற காற்று முன்னறைக்குப் போய்ச் சேர்வதற்குள் 19 ஆகிவிடுவதற்கு அந்தச் சூடு போதும். நீங்கள் நிறுத்தியே வைத்திருக்கிறீர்கள், ஆகவே மேலே தனியாக ஒரு பந்தல் போடுங்கள். தகரமோ, கறுப்பு நிழல்வலையோ, கூரையிலிருந்து இரண்டடி உயரத்தில், நாலு பக்கமும் காற்றோட்டம் விட்டு. ஏர்கோன் பெட்டிக்கு மேலே மட்டும் இன்னும் உயரமாக விடுங்கள், அது வெளியே தள்ளுகிற சூடான காற்றைத் திரும்ப இழுத்துவிடக் கூடாது. துரியான் மரத்தடி நிழல் போதும் என்று நினைக்க வேண்டாம். காய் விழுந்தால் மிஷினின் பிளாஸ்டிக் மூடி தாங்காது, பந்தலும் அந்தக் கிளைகளுக்குக் கீழே வேண்டாம்.

கூரை ஏறும்போது மிஷினுக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட்டையும் பாருங்கள். சதுரமான ஃபோம் வளையம் அது, வாங்கும்போது ஓர் அங்குலம் தடிமன், போல்ட் முடுக்கினால் பாதியாக அமுங்க வேண்டும். பழைய வண்டியில் தட்டையாகிக் கல்லாகியிருக்கும். அங்கே கசிந்தால் குளிர் வெளியே போகும், அக்டோபர் மழையில் தண்ணீர் உள்ளே வரும். புதிது மாற்றுங்கள், போல்ட்களை ஒன்றுமாற்றி ஒன்றாகச் சமமாக முடுக்குங்கள். மிகையாக முடுக்கினால் கூரை வளையும்.

ஹைஏஸ் போன்ற வேனில் சின்ன ஸ்பிலிட் போட்டிருப்பவர்களும் இதே மாதிரிக் கேட்பதுண்டு. அவர்களுக்கு டக்ட் கிடையாது, ஆகவே இந்தப் பாடு இல்லை. உள்பெட்டியை வேனின் நீளவாக்கில் ஊதும்படி வைத்து, படுக்கையின் கால்மாட்டில் ஒரு சின்னக் காற்றாடியை மேலே பார்த்து வைத்தால் குளிர் சுற்றி வரும். ஒற்றைக் குழாய் உள்ள உருட்டு ஏர்கோனை மட்டும் வேனுக்கோ டிரெய்லருக்கோ வாங்காதீர்கள். அது உள்ளே இருக்கிற காற்றையே வெளியே தள்ளுகிறது, அந்த அளவு வெளிக்காற்று, சூட்டோடும் ஈரத்தோடும், ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் உள்ளே வந்தே தீரும்.

உங்கள் மிஷின் ஒருநாள் நிற்கத்தான் செய்யும், தங்கச்சி. அன்றைக்கு அதே மாதிரி இன்னொரு அமெரிக்க மிஷின் தேடாதீர்கள். நிறுத்தி வைத்த டிரெய்லருக்கு, இங்கே கடைகளில் கிடைக்கிற 1 எச்பி இன்வெர்ட்டர் ஸ்பிலிட்தான் சரி. முன்னறைக்கு ஒன்று, அடுப்படிக்கு முடிந்தால் இன்னொன்று. டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை, ஹெர்ட்ஸ் பிரச்சினை இல்லை, கிளம்பும்போது கரண்டை அப்படி இழுக்காது, உதிரிப் பாகம் பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிறை ஊரிலேயே கிடைக்கும். வெளிப்பெட்டியை டிரெய்லர் சுவரில் தொங்கவிடாமல் தரையில் சிமெண்டுக் கல்மேல் வையுங்கள். ஆனால் அது இன்றைக்கு வேண்டிய செலவு இல்லை. இந்தப் பழக்காலம் முடியும் வரைக்கும் இருக்கிற மிஷினே தாங்கும்.

இந்த வாரம் தடுப்பையும் டக்ட் வாய்களையும் ஒட்டிவிடுங்கள். டேப், பலகை, தெர்மாமீட்டர் மூன்றும் சேர்த்தாலும் கேஸ் ஏற்றக் கேட்ட காசில் பாதி ஆகாது. ஒட்டுவதற்கு முன் ஒருமுறை, ஒட்டியபின் ஒருமுறை, பிற்பகல் மூன்று மணிக்கு நாலு இடத்தில் அளந்து எழுதி வையுங்கள்: அறை நடுவில், கிரில்லுக்குள், பெட்டிக்கு மிக அருகிலுள்ள வாயில், முன்னறையின் கடைசி வாயில். முதல் இரண்டும் நெருங்கி வந்திருக்க வேண்டும். கிரில்லுக்கும் அருகிலுள்ள வாய்க்கும் 8 முதல் 11 பாகை வித்தியாசம் இருந்தால் மிஷின் நல்ல நிலையில் இருக்கிறது. ஈரம் மிகுந்த நாளில் 7 வந்தாலும் கவலைப்பட வேண்டாம், மிஷினின் பலம் ஈரத்தைப் பிழிவதில் போகிறது. கடைசி இரண்டுக்கும் மூன்று பாகைக்கு மேல் இடைவெளி நின்றால் டக்ட் வழியில் இன்னும் எங்கோ கசிவோ வெயிலோ இருக்கிறது. எட்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்தது எங்கே கைவைப்பது என்று சொல்கிறேன்.